உப்புப் போட்ட எழுத்து

சாஸ்கட்டூனில்
எங்கள் ஜப்பானிய உணவகத்தில்
ஜப்பானியர் ஒருவரும் இல்லை.
முதலாளி பேக், கொரியாக்காரர்.
பரிமாறுகிற மாரிவிக்குக்கு ஊர் செபூத் தீவு.
அடுப்படியில் நான்.
சுவரில் பூத்திருக்கிற செர்ரி மரம்கூட ஸ்டிக்கர்தான்.

முதல் வாரம் சொற்கள் என்னைக் கடித்தன.
சோபா என்றால் உட்கார்கிற சாமான் இல்லையாம்,
பழுப்பு மாவில் நறுக்கிய நூல்.
தாகோ கேட்டார்கள், தமாகோ அனுப்பினேன்:
எட்டுக் காலுக்குப் பதிலாக
ஒரு முட்டை.
பேக் பார்த்த பார்வையில்
அன்றைய சம்பளம் ஓரத்தில் கருகிற்று.

ஓயாகோதோன்.
"தாயும் பிள்ளையும்னு அர்த்தம்" என்றாள் மாரிவிக்.
சோற்றின்மேல் கோழி, கோழியின்மேல் முட்டை.
பெயர் வைத்தவன் சிரித்துக்கொண்டு வைத்தானா,
யோசிக்காமல் வைத்தானா?
எனக்கு மறக்காமல் நின்ற முதல் சொல் அதுதான்.

பில் புத்தகத்தின் பின்னட்டையில்
தமிழில் எழுதி எழுதிப் படித்தேன்.
பாத்திரம் கழுவும் ஆவிக்குள்ளிருந்து கேள்வி வரும்:
இகா?
கணவாய்.
எபி?
இறால்.
உனாகி?
விலாங்கு, ஆனால் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துபோச்சு.

ஜனவரி. மைனஸ் முப்பத்தெட்டு.
கடை சாத்தப் போகும்போது ஒருவர் வந்தார்.
பொட்டாஷ் சுரங்கத்தில் இயந்திரம் பூட்ட வந்த எஞ்சினியர்,
கழற்ற மறந்த பெயரட்டையில் குரோகி.
காய்ச்சலில் கண் சிவந்து
மெனுவைத் திறக்காமலே என்னவோ கேட்டார்.
என்னிடமிருந்த இருநூற்றுப் பதினொரு சொல்லில்
அது இல்லை.
மாரிவிக் உதட்டைப் பிதுக்கினாள்.
பேக் வீட்டுக்குப் போய்விட்டார்.

டிஷ்யூ தாளை இழுத்து
கோடு கோடாக ஒன்று வரைந்தார்,
இரண்டு வில்லுக்கு நடுவே நட்சத்திரம் மாட்டிக்கொண்டதுபோல.
அதை விரலால் தட்டித் தட்டி
மன்றாடுகிற குரலில் சொன்னார்:
"கஞ்சி. கஞ்சி."

அட மனுஷா,
இதைக் கேட்கவா இத்தனை பாடு?

வினிகர் கலக்காத சோறு அடிப்பானையில் கொஞ்சம் கிடந்தது.
தண்ணீர் விட்டுக் குழைய வைத்தேன்.
தட்டிய இஞ்சி, உப்பு.
ஊறுகாய்க்கு ஒரு உமேபோஷி,
நார்த்தங்காய்க்குச் சற்றும் சளைக்காத புளிப்பு.
வாசனை போன திசையில் மாரிவிக்
"லுகாவ்" என்றாள், தனக்குத்தானே.

முதல் வாய் இறங்கியதும்
அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
ஆவி மூடியிருக்கும்,
அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் டிஷ்யூவைப் பார்த்த பேக்குக்குச்
சிரித்துச் சிரித்துப் புரையேறிற்று.
கஞ்சி என்றால் அவர்கள் பாஷையில் எழுத்தாம்,
சீனத்திலிருந்து போன எழுத்து.
'இதை வாசியுங்கள், யாராவது வாசியுங்கள்' என்று
கெஞ்சியிருக்கிறார் அந்த மனிதர்.
கேட்ட பண்டத்தின் பெயர் ஒகாயு.

பின்னட்டையில் சேர்த்துக்கொண்டேன்.
212. ஒகாயு: கஞ்சி.
213. கஞ்சி: எழுத்து.

எழுத்து ஏறாது என்று
ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவன் நான்.
ஒரு பனி ராத்திரியில்
முன்பின் பார்த்திராத எழுத்தைப்
பிழையில்லாமல் வாசித்து
கிண்ணத்தில் வைத்திருக்கிறேன்.

உப்பு மட்டும் ஒரு கல் கூடுதல்.