மூன்றாவது கை

திருவாரூர் மண்டபத்தில் மல்லாந்து கிடந்தேன்.
முதுகுக்குக் கீழே கருங்கல் குளிர்.
கைபேசி வெளிச்சம் விதானத்தில்
வௌவால் எச்சத்தை, ஒரு குதிரையைத் தாண்டி
மத்தளக்காரனிடம் நின்றது.

அவனுக்கு வலப்பக்கம் இரண்டு கை.

ஒன்று அழுத்தமான காவி.
மற்றது நாலு விரற்கடை மேலே, மங்கலாய்,
அடித்து ஓய்ந்த ஒலிபோல.
முதலில் உயரப் போட்டிருக்கிறார்.
சரியில்லையென்று சுண்ணாம்பு பூசி
இறக்கிப் போட்டிருக்கிறார்.
எத்தனையோ ஐப்பசிக் கசிவு
பூசியதை மட்டும் தின்றுவிட்டது.

"ஏதோ சாமிதான் சார்" என்றார் காவலாளி.
சாமியில்லை.
சாரத்தின்மேல் கழுத்து வலியோடு
ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்ட இடம்.

எனக்குக் கூத்தாநல்லூரில் வேலை பாக்கி.
கால்நடை மருந்தகச் சுவர், நாற்பதடி,
ஒரு பசு. அதன் பின்னங்கால்
மூன்று நாளாய் நிற்க மாட்டேன் என்றது.
தினமும் பொழுது சாய
வெள்ளையடித்து அழித்துவந்தேன்,
யாரும் பார்க்குமுன்.

அன்று அழிக்கவில்லை.
பழைய காலை அப்படியே விட்டு
பக்கத்தில் புதுக்காலை இழுத்தேன்.
கூலியில் ஒரு காலுக்குப் பிடித்துக்கொள்வாரோ என்னவோ,
ஒப்பந்தக்காரர் இதயத்துல்லா
வண்டியை நிறுத்தி, அணைக்காமலே,
வெகுநேரம் பார்த்தார்.

"மாடு எங்கப்பா கெளம்பிடுச்சு?"