சேனல் பதினாறு

தடைக்காலம். அறுபத்தொரு நாள் கடல் கிடையாது.
தேங்காப்பட்டணத்தில் போட்டுகள் மூக்குரசிக் கிடக்க,
கச்சான் மழை ஓட்டைப் பிய்க்கிற சாயங்காலம்
தூத்தூர் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இங்கிலீஷ்.
அஞ்சாம் வகுப்புப் பெஞ்சு. முட்டு இடிக்கிறது.
நாற்பத்தாறு வயதில் என் முதல் வாக்கியம்:
ஐ ததேயு.

ஆம் எங்கே, என்கிறாள் ஷைனி டீச்சர்,
பி.எட். முடித்து வேலை கிடைக்காத நித்திரவிளைக்காரி.
நான் ததேயு. இதில் என்ன குறை?
எங்கள் பேச்சில் ரெண்டு பலகையும் தானாகவே ஒட்டிக்கொள்ளும்.
அவர்களுக்கு நடுவில் ஓர் ஆணி வேண்டுமாம்.
ஐ வந்தால் ஆம். ஹீ வந்தால் இஸ்.
வீ வந்தால் ஆர்.
ஆரு? என்றான் கிளீட்டஸ் பின்பெஞ்சிலிருந்து.
எங்கள் ஊரில் ஆரு என்றால் யாரு.
அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது.

மஸ்கட்டுக்கா, கனடாவுக்கா என்று கடையில் கேட்டார்கள்.
இல்லை, நடுக்கடலுக்கு.
போன வருஷம் ராத்திரி ஒரு சரக்குக் கப்பல்
வயர்லெஸ்ஸில் ஏதோ கேட்டது.
மிக்கேல் மரியாதையாக யெஸ் என்றான்.
அதற்குப் பிறகுதான் நேராக வந்தது.
தூண்டில் கயிறு பன்னிரண்டு கிலோமீட்டர் போயிற்று,
நாங்கள் மயிரிழையில் மிச்சம்.
என்ன கேட்டான் என்று இன்னும் தெரியாது.

அதனால் கேள்வியிலிருந்து தொடங்கினாள் டீச்சர்.
வாட் என்றால் என்ன, வேர் என்றால் எங்கே.
புரியாவிட்டால் யெஸ் சொல்லாதீங்க அண்ணா,
சே அகெய்ன் ப்ளீஸ் என்று சொல்லுங்க.
இடிக்க வருகிறவனிடம் ப்ளீஸா?
ஆமாம், என்றாள், அவனிடம்தான்.

முடிந்ததற்கு ஒன்று, முடியாததற்கு ஒன்று.
தி ஷிப் கேம் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது.
தி ஷிப் இஸ் கமிங் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது.
இதை மட்டும் யாரும் மறக்கவில்லை.
எ-வும் தி-யும்தான் கடைசிவரை குழப்பம்.
முதல் தடவை எ, தெரிந்த பிறகு தி,
என்று கரும்பலகையில் ரெண்டு கப்பல் வரைந்தாள்.
ரெண்டும் வாத்து மாதிரி இருந்தன.

ஐப்பசியில், கரையிலிருந்து ஆறு நாள் தூரத்தில்,
பின்னிரவில் ஒரு பச்சை விளக்கு.
எ ஷிப், என்றேன் எனக்குள்.
கொஞ்ச நேரத்தில் பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பும் தெரிந்தது.
ரெண்டும் சேர்ந்து தெரிந்தால் முகம் இங்கேதான்.
தி ஷிப்.

மைக்கைப் பிடித்த கை வேர்த்தது.
வீ ஆர் ஃபிஷிங். அவர் லைன் இஸ் ஹியர்.
ப்ளீஸ் டர்ன். ப்ளீஸ்.
வீ என்றால் நாங்களா, நாமா,
அந்த மொழி பிரித்துச் சொல்லாது.
நான் நாங்கள் பதினோரு பேர் என்றுதான் நினைத்தேன்,
சொல்லி முடித்தபோது அவனும் உள்ளே இருந்தான்.

இரைச்சல். பிறகு ஒரு குரல்,
என்னைவிடத் தூக்கக் கலக்கமாக:
ஓக்கே ஓக்கே. ஐ டர்ன். சாரி.
சிவப்பு மறைந்தது.
பச்சை எங்களைத் தாண்டி மெதுவாக வடக்கே போயிற்று.
மறுபடி அதே குரல்: வேர் யூ ஃப்ரம்?

ஐ ஆம் ஃப்ரம் தூத்தூர், என்றேன்,
ஆணி எதுவும் விடாமல்.
தூத்தூர், குட், என்றான்,
ஏதோ தெரிந்த ஊர் மாதிரி.

எந்தத் தேசத்துக்காரனோ.
அவன் தாய்மொழியிலும் பலகைகள் தானாக ஒட்டுமோ என்னவோ.

ஐஸ் அறையிலிருந்து தலையை நீட்டி
என்னவாம், என்றான் கிளீட்டஸ்.

திரும்பிட்டான், என்றேன்.
ஆனா ஆரை விட்டுட்டான்.