ஒன்றரை என்று வை

பெயரிலேயே ஓர் எண்ணை வைத்திருக்கும் ஊர்
பதினைந்து வேலம்பாளையம்.
மீதிப் பதினாலு எங்கே என்று
வந்த புதிதில் விரல்களை விரித்துக் கேட்டாள் பசந்தி.
எனக்கும் தெரியாது.

சனிக்கிழமை ராத்திரி எட்டே முக்கால்.
மெஷின்கள் நின்ற பிறகும் காதில் ஓடுகின்றன.
புருவத்தில் பனியன் பஞ்சோடு
கூலி வரிசையில் நிற்கிறேன்.
சட்டைக்குக் கை வைப்பது என் வேலை.
இந்த வாரம் இரண்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு.
பீஸுக்கு ஒன்று முப்பத்தைந்து.

வரிசை நகர்வதற்குள் போட்டுவிடுவேன்.
ஒன்றரை என்று வை.
பாதியைக் கூட்டு: நாலாயிரத்து இருநூற்று அறுபத்தொன்பது.
பத்தில் ஒன்றைத் தள்ளு.
மூவாயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு,
மேலே பத்துப் பைசா.
அந்தப் பத்துப் பைசாவை வெள்ளியங்கிரியண்ணன் தந்ததில்லை,
நான் கேட்டதுமில்லை.

செல்போனைத் தட்டினார்.
"மூவாயிரத்து முந்நூத்தி அம்பத்தாறு, அம்மிணி."
"நானூத்தி எம்பத்தாறு கொறையுதுங்ணா."
"போன் பொய் சொல்லுமா?"

சொல்லாது.
கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான்.
எட்டையும் நாலையும் இடம் மாற்றிக் கேட்டால்
அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும்.
கடல் தாண்டி எங்கோ ஒரு குளிரில்
முந்நூற்று அறுபது பேர்
கையில்லாச் சட்டையோடு நிற்பார்கள்.

மார்க்கிங் சாக்கட்டியால்
கட்டிங் மேஜைமேல் போட்டுக் காட்டினேன்.
கெட்டவர் இல்லை, கட்டைவிரல் தடித்தவர்.
எண்ணிக் கொடுத்தார்.

எனக்குப் பின்னால் பசந்தி.
ஒடிசாவிலிருந்து வந்து ஏழு மாதம்.
அவள் உதடு முணுமுணுக்கும் மொழி எனக்குத் தெரியாது,
விரல் கணு தாண்டும் கட்டைவிரலைத் தெரியும்.
நோட்டுகளை எண்ணினாள்.
கட்டைவிரல் நின்றது.
என்னைப் பார்த்தாள்.

நூறு ரூபாய் கூட.
அண்ணன் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டார்.
கணக்குப் போடாமல் இருந்திருந்தால்
அதுவும் கூலிதான்.
இப்போது என்ன செய்வாள்?

என் சாக்கட்டி எண்களின் மேல்
அந்த நோட்டை வைத்துவிட்டு நடந்தாள்.
வெள்ளியங்கிரியண்ணன் மறுபடி போனைத் தட்டுவது
படியிறங்கும்வரை கேட்டது.

டீக்கடையில் இரண்டு டீ, இரண்டு தேங்காய் பன்.
ஐம்பத்து நாலு.
அவள்தான் நூறை நீட்டினாள்.
மீதியாக நாற்பத்தைந்து ரூபாயும்
ஒரு புளிப்பு மிட்டாயும் வந்தது.

மிட்டாயை உள்ளங்கையில் வைத்து
கடைக்காரரிடம் திருப்பி நீட்டியபடியே நிற்கிறாள் பசந்தி.
டீ ஆறுகிறது.