தண்ணீர்க் கழிவு

முதல் நாள் நாங்கள் பேசவில்லை.
சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.
பசறை ரோட்டுப் பள்ளிக்கூடம், மூன்றாம் வகுப்பு,
குட்டைப் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க
பணிஸ் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு
அவளோடு உட்கார்ந்திருந்தோம்.
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு
பாதியில் நின்றிருந்தது.

சவரியாயிக்கு அந்த ராத்திரி பெக்டரியில் வேலை.
விடிந்து வந்தபோது
தொங்கல் காம்பரா இருந்த இடத்தில்
செம்மண், மடங்கிய ஒரு தகரம்.
புருசனும் பிள்ளைகள் இரண்டும் அதற்கு அடியில்.

இரண்டாம் நாள் வாய் திறந்தோம்.

தலைவர் செவனுதான் ஆரம்பித்தார்:
"வெடிப்புன்னு வெள்ளைக்கல்லு நட்டுட்டுப் போனாங்கள்ல,
அப்பவே எறங்கியிருக்கணும்."
எங்கே இறங்குவது என்று அவரும் சொல்லவில்லை.
பிரதர் மத்தியாஸ் வேதத்தைத் திறக்காமலே கேட்டார்:
"ஜெபத்துக்கு வராம விட்டது எந்த மாசம், மகளே?"
பண்டாரவளையிலிருந்து வந்த இளம் உத்தியோகத்தர்
பெரியவர்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்து
எல்லாரையும்விட நீளமாகப் பேசினார்,
சரிவின் கோணம் பற்றி.

நான் கணக்கப்பிள்ளை.
இருபத்திரண்டு வருசம் தராசுக்குப் பக்கத்தில் நின்றவன்.
மழைக்கொழுந்து என்றால் தண்ணீருக்கு இரண்டு கிலோ,
சாக்குக்கு ஒன்று,
கழித்துவிட்டு மிச்சத்தை எழுதிப் பழகிய கை.
அன்றைக்கு அவள் அழுகையையும் அப்படித்தான் நிறுத்தேன்.
புருசன் குடித்ததற்கு இவ்வளவு,
லோன் எடுத்ததற்கு இவ்வளவு,
கழிக்கக் கழிக்க
அரைப்பேர்தான் தேறியது.

ஊத்ஸ் என்று ஒரு தேசம்.
அங்கே சாம்பலில் உட்கார்ந்து
ஓட்டுச்சில்லால் புண்ணைச் சுரண்டியவனிடமும்
மூன்று பேர் வந்தார்களாம்,
நல்லவர்கள், வெகுதூரத்திலிருந்து.
அதைக் கேட்கிற ஞாயிறெல்லாம்
சாம்பலில் இருப்பவன் நான்தான் என்று
நினைத்துக்கொள்வேன்.

சவரியாயி பணிஸைப் பிய்த்து
யாரோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாள்.
"நான் செஞ்சது என்னான்னு எனக்குத் தெரியும்.
நீங்க எழுத வேணாம்.
மேல இருக்கிறவன் வந்து சொல்லட்டும்.
அவனுக்கு நேரமில்லன்னா
தொரை வந்து சொல்லட்டும்,
லயத்துக்கு மேல ரோட்டு வெட்டச் சொன்னது யாருன்னு."

நமுனுகுலைப் பக்கமிருந்து காற்று வந்தது.
கூரைத் தகரம் தடதடத்தது.
அதற்குள்ளிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை,
எனக்குக் கேட்கிற மாதிரி.

செக்ரோல் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.
ரோட்டு வெட்டிய பதினொரு நாளும்
பெரட்டில் நின்று பேர் போட்டவன் நான்.
கழிவு கிடையாது.
எல்லாருக்கும் முழுப்பேர்.