மறுசோறு

பிரதமரின் துணைவியார் வருகிற வாரம்
புக்கிட் கெலாடியில் தார் ஊற்றினார்கள்,
பாலத்திலிருந்து தமிழ்ப்பள்ளி வாசல் வரைக்கும்.
அதைத் தாண்டி செம்பனை லோரிகள்
பழையபடி குழிகளில் முனகிக்கொண்டு போயின.

வரவேற்க ஒரு பெண் வேண்டுமாம்.
பதினெட்டு வருஷமாகப் பாலர் பள்ளி நடத்தும்
ரேணுகாதேவியைத் தாண்டி வந்து
என்னைப் பிடித்தார்கள்.
நான் யார்?
கிளைத் தலைவர் தனபாலனின் பெண்டாட்டி.
தகுதி அவ்வளவுதான்.
வருகிறவருக்கும் தகுதி அதுதான் என்பது
அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

கோலாலம்பூரிலிருந்து வந்த பையன்
மாலை வேண்டாம், பூச்செண்டு போதும் என்றான்.
சிரிக்கலாம், ரொம்பச் சிரிக்கக் கூடாது.
பேசக் கூடாது என்பதை மட்டும்
மூன்று தடவை சொன்னான்.

சரி என்றேன்.
காம்புகளுக்கு நடுவே ஒரு தாளைச் செருகினேன்.
கிளினிக்குக்கு டாக்டர் வருவது வியாழன் மட்டும்.
அங்கம்மாவின் மருமகளுக்கு
வலி கண்டது ஞாயிற்றுக்கிழமை.
பெரிய டவுனுக்கு நாற்பது கிலோமீட்டர்.
வேனிலேயே பிறந்த பிள்ளை
வேனிலேயே அடங்கிவிட்டது.
இவ்வளவையும் என் மகள்
பள்ளிக்கூட மலாயில் எட்டு வரியாக எழுதியிருந்தாள்.

செண்டை வாங்கியவரின் விரலில் தாள் பட்டது.
முகம் மாறவில்லை. பழகிய முகம்.
காமிராக்களைப் பார்த்துச் சிரித்தபடியே
உதடு அசையாமல் சொன்னார்:
"அவரிடம் கொடுக்கிறேன்.
எப்போது படிப்பார் என்று என்னால் சொல்ல முடியாது."

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும்.
மலாயில் கேட்டதுதான் முதல் தடவை.
என் வீட்டுப் பின்வாசலில், இருட்டினால்,
தினமும் நான் சொல்கிற வாக்கியம் அது.
"அண்ணி, தலைவருகிட்ட ஒரு வார்த்தை..."
சொல்றேன்மா. கேப்பாரான்னு தெரியலை.

நான்கு மாதம் கழித்து வண்டி ஒன்று வந்தது.
டாக்டர் இல்லை. பல் வைத்தியம்.
பத்திரிகைப் படத்தில் அவர் பக்கத்தில் நின்று
ஈயென்று இளித்த லோகேந்திரனின்
சொத்தைப் பற்கள் எங்கேயோ யாரையோ உறுத்தியிருக்கின்றன.
நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பிடுங்கி அடைத்து
கூடவே ஆளுக்கொரு பிரஷ்ஷும் கொடுத்துப் போனார்கள்.
எல்லாரும் எனக்கு நன்றி சொன்னார்கள்.
நான் கேட்டது பல் இல்லை என்று
எப்படிச் சொல்வது?

தாள் என்ன ஆனதோ.
குப்பைக்கூடையோ, கைப்பையோ,
அல்லது அந்த வீட்டிலும் ஓர் இரவு
எண்ணெய்க் கையோடு அவர் நிமிர்ந்து
"இப்பவே சொல்லணுமா இதை?" என்றாரோ.
எங்களுக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை.
ஓட்டு வாங்கினவர்களின் வாசலில்
செருப்பு அவிழ்க்கப் பயந்தவர்கள்
எங்கள் பக்கமாகச் சுற்றி வருகிறார்கள்.

நேற்று அங்கம்மா வந்தாள்.
மருமகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாளாம்.
"வண்டியே வரவச்சீங்களே அண்ணி,
டாக்டரை மட்டும் வரவைக்க மாட்டீங்களா?"
அவள் குரலில் குத்தல் இருந்ததா, தெரியவில்லை.
இல்லாமலிருந்தால்தான் எனக்குக் கஷ்டம்.

உள்ளே அவர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.
முதல் சோற்றில் எதையும் எடுக்கக் கூடாது.
நெத்திலிச் சம்பல் ஒரு கரண்டி கூட வைத்து
மறுசோறு போடும்போது,
டிவியில் செய்தி முடிந்து விளம்பரம் வரும்போது,
அந்த இடைவெளி இருக்கிறதே,
அதுதான் என் அலுவலகம்.

"நில்லு" என்று அங்கம்மாவிடம் சொல்லிவிட்டு
ரசத்தைச் சூடாக்கப் போனேன்.