கதவு எண் 41, பின்வாசல்

எங்கள் வீட்டுக்கு, இல்லை, அப்படிச் சொல்லக் கூடாது,
அப்பா காவல் இருக்கும் வீட்டுக்கு
முகப்பு ஒரு வீதியில், பின்வாசல் அடுத்த வீதியில்.
நடுவே மூன்று கட்டு, அறுபத்திரண்டு கதவு.
சாவிக்கொத்து அப்பாவின் இடுப்பில்.
நாங்கள் மூவரும் கடைசிக் கதவுக்குள்.

போன மே மாதம் கிராமசபைக்குப் போனேன்.
பின்வீதியில் கம்பம் உண்டு, விளக்கு இல்லை,
டியூஷன் விட்டு வரும்போது
ஒருத்தி பையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வருகிறோம்
என்று சொல்ல எழுந்தேன்.
"ஓட்டு இருக்கா பாப்பா?" என்றார் வார்டு மெம்பர்.
கையில் சுண்டல் பொட்டலத்தைக் கொடுத்து
உட்கார வைத்தார்கள்.
சுண்டல் நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பரில் பதினெட்டு.
படிவம் ஆறு.
அங்கன்வாடியில், முட்டை வெந்துகொண்டிருந்த அடுப்பருகே
இன்னாசியம்மாள் டீச்சர் பட்டியலை விரித்தார்.
கதவு எண் 41: பதினோரு வாக்காளர்கள்.
நால்வர் சென்னையில். மூவர் துபாயில்.
ஒருவர் எங்கேயென்று அப்பாவுக்கே தெரியாது.
மற்ற மூவர் வளவுச் சுவரில், மாலையோடு.
வெள்ளிதோறும் அவர்கள் கண்ணாடியை
நான்தான் துடைக்கிறேன்.

முகவரிச் சான்று என்றதும்
அப்பா வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.
"அவுகளை ஒரு வார்த்தை கேக்கணும்."
கேட்டார். நின்றுகொண்டே, போனில்.
சென்னையிலிருந்து வந்த குரலில் கோபம்கூட இல்லை:
"இன்னைக்கு ஓட்டும்பீக.
நாளைக்கு வீடும்பீகளா, அடைக்கலம்?"

அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை.
நான் சாப்பிட்டேன். பிறகு எழுதினேன்:
ஐயா, உங்கள் வீடு எனக்கு வேண்டாம்.
கூட்டிப் பெருக்கியே எங்கள் அம்மாவுக்கு
முட்டி தேய்ந்துவிட்டது.
எனக்கு வேண்டியது வீட்டுக்கு வெளியே,
கம்பத்தின் மேல், இருபது வாட்.
அனுப்பவில்லை. இன்னும் போனில் கிடக்கிறது.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் வார்டு வரைபடம்.
பரக்கத் அதைப் போட்டோ எடுத்தாள்.
பஸ்ஸில் இருவரும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம்.
மூன்றாம் வார்டையும் நான்காம் வார்டையும் பிரிக்கும் கோடு
வளவைத் தாண்டி, கிணற்றை ஒட்டி,
உரல் கிடக்கும் இடத்தில் எங்களைக் கடக்கிறது.
அவர்கள் மூன்று. நாங்கள் நான்கு.
இத்தனை வருடம் ஒரே கூரைக்குள்
எல்லை ஒன்று சத்தமில்லாமல் ஓடியிருக்கிறது.

"ஏய், உங்க கேஸ் புக்குல என்ன போட்டிருக்கு?" என்றாள்.
ஓடிப்போய்ப் பார்த்தேன்.
சிலிண்டர் தூக்கி வருகிறவன் முகப்பைக் கண்டதே இல்லை.
அ. அடைக்கலம், 41 பின்வாசல், பின்வீதி.
யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அட்டை வந்த அன்று மட்டும்
தபால்காரர் முகப்பைத் தட்டினார்.
மூன்று கட்டும் ஓடினேன்.
பெயர்: நாகஜோதி. படத்தில் யாரோ மாதிரி இருக்கிறேன்.

ஜனவரி இருபத்தாறு.
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன்
பழைய பக்கம் ஒன்றைப் புரட்டினேன்.
மே ஒன்று, வரிசை எண் ஒன்பது:
வெள்ளிதோறும் நான் துடைக்கும் பெரியவர்
வந்திருந்து, கையெழுத்தும் போட்டிருக்கிறார்.
நல்ல சுழித்த கையெழுத்து.

"இவுக சுண்டல் வாங்கினாகளா?" என்று கேட்டேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.
மெம்பர் சிரிக்கவில்லை. செயலர் பதிவேட்டை மூடப் போனார்.
பரக்கத் அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள், சும்மா,
ஏதோ ஞாபகமாக வைத்தவள் போல.
தீர்மானம் ஏழு, பின்வீதி விளக்கு.
எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.
வாசித்தார்கள். "ஆவன செய்யப்படும்" என்றிருந்தது.
எந்தத் தேதிக்குள் என்றேன்.
மைக் கரகரத்தது. தேதி எழுதப்படவில்லை.

இன்று மார்ச் பத்து. விளக்கு வரவில்லை.
கம்பத்தின் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன்.
இருபத்திரண்டாம் தேதி அடுத்த சபை.

அப்பாவின் ஓட்டு இன்னும் காளையார்கோவில் பக்கம்;
தேர்தலுக்குத் தேர்தல் பஸ் ஏறிப் போய் வருவார்.
நேற்று இரவு கதவுகளைச் சாத்தி வந்து,
சாவிகளை எண்ணுகிறவர் போலத் தலை குனிந்தபடி
"அங்க இருக்கறத இங்க மாத்த
என்ன படிவம்?" என்றார்.

எட்டு என்றேன்.