ஒன்று புள்ளி ஐந்து ஆறு

ஏழு வருடம் கேட்டுக் கிடைத்தது.
மூன்று விலைப்புள்ளி, இரண்டு மறுடெண்டர்,
சுங்கவரி விலக்குக்கு டெல்லிக்கு நான்கு கடிதம்.
"இவ்வளவு காசுக்கு ஒரு காந்தமா" என்று
கோப்பை ஓரம் வைத்த நிதி அலுவலர்
ஓய்வு பெற்றே போய்விட்டார்.

அதுவரை எங்கள் கோரைக்கிழங்குச் சாறு
சின்னக் குப்பியில், பஞ்சு சுற்றி,
கூரியரில் சென்னைக்குப் போகும்.
அங்கே ஆறு வாரம் வரிசையில் கிடந்து
பாதி கெட்டு
கோடுகளாகத் திரும்பி வரும்.

அம்மாப்பேட்டை தாண்டியதும் லாரி நின்றது.
சாலையின் பாதியை அடைத்துக் குறுவை நெல்.
ஈரப்பதம் பத்தொன்பது என்று
கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்ட நெல்.
ஓரம் கட்டினால் வண்டி சாயும்;
சாய்ந்தால் பெட்டியில் ஒட்டிய வில்லை சிவக்கும்;
சிவந்தால் உத்தரவாதம் போச்சு.
தள்ளுபலகையை ஊன்றியபடி
வைரக்கண்ணு என்பவர் கேட்டார்,
உள்ளே என்ன?
சொன்னேன், தெரிந்த தமிழில்.
"ஈரம் பார்க்குமா?"
அதைத்தான் முதலில் பார்க்கும் என்றேன்.
"அப்ப இது அவங்க மிஷினுக்கு அண்ணன்"
என்று நெல்லை ஒதுக்க ஆரம்பித்தார்.
ஓட்டுநரும் நானும் துடைப்பம் வாங்கிக்கொண்டோம்.
இருபது நிமிடம்.

பிறகு கிரேன், இடித்த சுவர், மறுபடி கட்டிய சுவர்.
ஹீலியம் ஊற்றிய அன்று
அறை முழுக்க வெண்புகை.
ஒருமுறை ஏறிவிட்டால்
கரண்ட் போனாலும் காந்தத்துக்குத் தெரியாது.
தரையில் மஞ்சள் கோடு போட்டோம்.
கூட்ட வந்த செபஸ்தியம்மாள்
இரும்பு வாளியை வாசலில் விட்டு,
யோசித்து,
தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்குகள் மூன்றையும்
கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு
கோட்டைத் தாண்டினார்.

முதல் மாதிரி தில்லைக்கரசியுடையது.
மூன்று நாள் வெற்றிடத்தில் உலர்த்தியது.
குழாய் காற்றின்மேல் மிதந்து இறங்கியது.
திரையில் ஒவ்வொன்றாக எழுந்தன
நான்கு வருடமாக அவள் தேடிய முகடுகள்.
கத்தக்கூட மறந்து நின்றோம்.
அப்புறம்தான் பார்த்தாள்:
ஒன்று புள்ளி ஐந்து ஆறில்
யாரும் கூப்பிடாத ஒரு சின்ன மேடு.

தண்ணீர்.

"திரும்ப உலர்த்தவா மேடம்?"
இருக்கட்டும், பதினேழுக்குள்தான் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
அவள் வீட்டு நெல்லும்
திரும்பி வந்த வருடம் அது.